பென்சில் தானாக மங்கும்

லா கிராஸ் நகரத்துப் பௌலிங் கூடத்தின் பின்னறையில், காபி இயந்திரத்துக்கு மேலே, ஒரு பித்தளைத் தகடு மாட்டியிருக்கிறது. அதில் பொறித்திருப்பது இது: 'ஹார்லன் ட்வெய்ட். பழைய பேஸ்பால் அட்டைகளின் காவலர். தன் கைக்கு வந்த எந்த அட்டையையும் வந்தபடியே திருப்பிக் கொடுத்தவர். ஆற்றங்கரை அட்டைக் கழகத்தின் நன்றி.'

'எந்த' என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் உண்மைதான்.

ஹார்லன் தன் உத்தியோக காலம் முழுவதும் கார் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதம் மதிப்பிட்டவர். நசுங்கிய கார்களைச் சுற்றிச்சுற்றி வந்து, இந்த நெளிவு நேற்றையது, அந்தக் கீறல் போன வருஷத்தது என்று பிரித்துச் சொல்வது அவர் தொழில். ஓய்வு பெற்றபின் அதே கண்ணை அட்டைகள் மேல் திருப்பினார். "நீங்க என்னைப் பார்க்கறதும் கார் பம்பரைப் பார்க்கற மாதிரிதான் இருக்கு" என்று அவர் மனைவி அர்லீன் விருந்துகளில் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். ஹார்லனும் சிரிப்பார். சிரித்தபடியே அவள் கோப்பையின் விளிம்பில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார்.

பபிள்கம் பொட்டலத்தோடு வரும், ஆட்டக்காரர் படம் போட்ட அந்தச் சின்ன அட்டையில் அவர் பார்ப்பது நான்கு. மூலைகள் கூர்மையா, ஓரங்கள் நேரா, பரப்பு சுத்தமா, படம் அட்டைக்கு நடுவே விழுந்திருக்கிறதா. இவற்றுக்கு மொத்தமாக 'நிலை' என்று பெயர். கழகத் தலைவர் வெர்ல் புக்ஹோல்ட்ஸுக்கு இதில் நம்பிக்கை இல்லை. பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்ற வெர்லுக்கு வேண்டியது களை. "மூலை மழுங்கினா என்ன, மடிப்பு விழுந்தா என்ன? பார்த்ததும் வாயில பபிள்கம் இனிக்கணும். உன் அட்டையெல்லாம் ஆஸ்பத்திரியில படுத்திருக்கற மாதிரி இருக்கு" என்பார். "உன்னோடது சவக்கிடங்குல இருக்கற மாதிரி இருக்கு" என்பார் ஹார்லன். கழகம் ஓடியதே இந்தச் சண்டையால்தான்.

இந்தச் சண்டையிலிருந்து பிறந்ததுதான் வருஷாவருஷம் அக்டோபரில் நடக்கும் ஒற்றை அட்டைப் போட்டி. ஏதாவது ஓர் ஆட்டக்காரரின் ஒரே அட்டையை எடுத்துக்கொள்வார்கள். அது யார் யாரிடம் இருக்கிறதோ அவர்களெல்லாம் தங்கள் பிரதியைக் கொண்டுவந்து ஒரே வரிசையில் வைக்க வேண்டும். ஒரே முகம், ஒரே வருஷம், ஒரே அச்சு; வித்தியாசமெல்லாம் அதற்குப் பிறகு அதன்மேல் நடந்தவைதான். நிலைக்கு நீல ரிப்பன், அதை ஹார்லன் மட்டும் தீர்மானிப்பார். களைக்குச் சிவப்பு ரிப்பன். அதற்கு எல்லோருக்கும் ஆளுக்கொரு பபிள்கம் தருவார்கள். பிடித்த அட்டைக்கு முன்னால் வைக்க வேண்டும், தின்றுவிடக் கூடாது.

கழகத்தின் முதல் விதி ஹார்லன் எழுதியது. அட்டையில் எதையும் கூட்டக்கூடாது, எதையும் குறைக்கக்கூடாது. இந்த விதியால் வெளியே போனவர் வென்டல் ஸ்ட்ரப். சொரசொரப்பான ஓரத்தை பிளேடால் ஒரு மயிரிழை சீவி, மூலைகளைக் கூர்மையாக்கியிருந்தார். ஹார்லன் அளந்து பார்த்துப் பிடித்தார். தீர்மானம் கொண்டுவந்தவரும் அவரே. காவலர் தகடு அந்த வருஷம்தான் வந்தது. வென்டல் ஊரை விட்டுப் போகவில்லை. சனிக்கிழமை தோறும் முன்கூடத்தில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆடுவார். இடையில் ஒரு கதவு. அதைத் தாண்டமாட்டார்.

தொண்ணூற்று நான்காம் வருஷம் ஆகஸ்டில் பேஸ்பால்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அக்டோபர் வந்தும் தொலைக்காட்சியில் ஆட்டம் இல்லை. ஆட்டமே இல்லாத அந்த வருஷத்தில்தான் கழகத்துக்கு என்றுமில்லாத கூட்டம். போட்டிக்கு எடுத்துக்கொண்டது ரூடி க்வாமின் அட்டையை. ரூடி அந்த ஊர்க்காரர், ஏப்ரலில் இறந்துபோயிருந்தார்.

ரூடி ஐம்பதுகளில் சிகாகோவில் ஒரு பேஸ்பால் அணிக்கு, ஒரு கோடையின் பாதி மட்டும், பந்து பிடிக்கும் கேட்சராக இருந்தவர். பிறகு ஊருக்குத் திரும்பி, வீடுவீடாகக் கணப்பு எண்ணெய் ஊற்றும் லாரியை ஓட்டினார். பபிள்கம் கம்பெனி அவருக்கு ஒரே ஓர் அட்டை அச்சிட்டது. பெயர் சரி, பிறந்த ஊர் சரி, உயரம் எடை எல்லாம் சரி. முகம் வேறு ஆளுடையது. ரூடிக்குக் காது பெரியது, மோவாய் இல்லவே இல்லை. அட்டையில் இருந்தவனுக்கு மோவாயைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. கையெழுத்துக் கேட்டு வருபவர்களுக்கு ரூடி பின்பக்கம் மட்டும்தான் போடுவார். "முன்பக்கம் வேற ஆளு. அவன்கிட்டயே கேட்டு வாங்கிக்கங்க."

புதன்கிழமை மதியம் ரூடியின் மனைவி டெலோரஸ் ஹார்லன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில், போட்டிக்கு வைக்கும் அட்டையோடு ஓர் உறை.

"சமையல் குறிப்புப் பெட்டியிலதான் வெச்சிருந்தேன் ஹார்லன். மீட்லோஃப் குறிப்புச் சீட்டுக்குப் பின்னாடி. அவர் கையால எனக்குக் கொடுத்தது இது ஒண்ணுதான். எங்கயும் தொலைஞ்சுடாதே?"

"என்கிட்ட வந்து தொலைஞ்சதுன்னு ஒண்ணு உண்டா?"

"அதுக்காகத்தான் உங்ககிட்ட கொடுக்கறேன்."

அவள் போனதும் ஹார்லன் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து உறையைப் பிரித்தார். பிரித்தவர் சற்று நேரம் கையை எடுக்கவில்லை. சமையல் பெட்டியின் இருட்டில் நாற்பது வருஷம் கிடந்த அட்டை, அச்சகத்திலிருந்து அன்றுதான் வந்தது போல் இருந்தது. மூலைகள் குத்தும்போல் இருந்தன. படம் தேவாலயப் பலிபீடம் மாதிரி நடுவில் இருந்தது. அவருடைய சொந்தப் பிரதியில் படம் இடப்பக்கம் ஒதுங்கிப்போயிருக்கும்; அந்த ஒதுக்கம் அவருக்குப் பல வருஷத்துக் குமைச்சல்.

ஒரே ஒரு குறை. கீழே வெள்ளை ஓரத்தில் ஒரு சாம்பல் நிறத் தீற்றல். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தார். பத்து மடங்கு பெரிதாக்கினால் எழுத்து எழுத்தாகத் தெரியாது. நார்களின் மேல் கரித்துகள் படிந்திருப்பதுதான் தெரியும். ஹார்லனுக்குத் தெரிந்ததும் அதுதான். பென்சில். மேலாகப் படிந்தது. நார் அறுபடவில்லை. எடுத்துவிடலாம்.

கண்ணாடியை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் ஒருமுறை பார்த்திருக்கலாம். நிலை பார்ப்பவர்கள் வெறும் கண்ணால் பார்ப்பதில்லை.

விதி நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் விதி எழுதியவருக்கு விதியின் இடுக்குகளும் தெரியும். அட்டையோடு பிறந்ததை எடுப்பதுதான் குறைப்பது. பிறகு வந்து ஒட்டிக்கொண்டதை எடுப்பது அட்டையை அதன் நிலைக்குத் திருப்புவது. தூசியைத் தட்டுவதில்லையா? வென்டலின் விசாரணையின்போது இதே வாதத்தை வென்டல் முன்வைத்தார் என்பதும், ஹார்லன் அதைச் சிரித்துத் தள்ளினார் என்பதும் அந்த நேரத்தில் ஏனோ நினைவுக்கு வரவில்லை.

ஓவியர்கள் வைத்திருக்கும் பிசைந்த மாவு போன்ற ரப்பர் அவரிடம் இருந்தது. கிள்ளி உருட்டி, தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு செய்தார். ஓரம் பால்போல் வெளுத்தது. அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். டெலோரஸ் நீல ரிப்பனோடு நிற்பதை நினைத்துப் பார்த்தார். தன்னுடைய கைவேலையை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்பதிலும் ஒரு சந்தோஷம் இருந்தது. அதைப் பற்றி அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை பின்னறையில் பொரித்த மீன் வாசனையும் பிராந்தி வாசனையும் கலந்து நின்றன. நீளமேஜையில் ரூடி க்வாம் வரிசையாகக் கிடந்தார், எல்லாம் அந்நிய மோவாயோடு. ஹார்லன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையை இரண்டு முறை சுற்றிவந்து டெலோரஸின் அட்டைமேல் நீல ரிப்பனை வைத்தார். பிறகு பபிள்கம் வைக்கும் நேரம். எல்லாம் அந்த அட்டைக்கு முன்னாலேயே குவிந்தன.

"அட, இது என்ன கூத்து!" என்றார் வெர்ல். "பிறந்ததுலேருந்து முதல் தடவையா நானும் இந்த ஆளும் ஒரே அட்டையில வந்து நிக்கறோம். எனக்கு உடம்பு சரியில்லையா, இவனுக்கா?"

வென்டல் கதவைத் தாண்டி வந்திருந்ததை அப்போதுதான் பலர் கவனித்தார்கள். பௌலிங் காலணியோடு, கையில் பீரோடு, சுவரோரமாக நின்றிருந்தார். ரூடியின் அட்டை என்பதால் யாரும் தடுக்கவில்லை.

டெலோரஸ் தலைமுடி அலங்காரம் முடித்துக்கொண்டு தாமதமாக வந்தாள். கை தட்டினார்கள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடியும் குனிந்தாள்.

"இது என்னோடது இல்லையே, வெர்ல்."

"உங்களோடதுதான். பெயர்ச்சீட்டு இருக்கே."

"சீட்டு என்னோடது. அட்டை இல்ல. அவர் எழுதினது எங்கே?"

"எது?"

"கீழே பென்சில்ல எழுதியிருப்பார். இந்த அட்டை வந்த அன்னைக்கு, காலைச் சாப்பாட்டுல. 'இது நானில்ல. பிடிச்சா வெச்சுக்கோ.' பொடிப்பொடியா எழுதியிருப்பார். நான் சிரிச்ச சிரிப்புல முட்டையே கருகிப்போச்சு."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. கதவுக்கு அப்பால் கட்டைகள் சரிந்து விழுந்தன. ஹார்லனின் காது மடல்கள் சுட்டன.

"அப்ப யாரோ மாத்திட்டாங்க" என்றது ஒரு குரல். எல்லாத் தலைகளும் சுவரோரம் திரும்பின.

"என்ன?" என்றார் வென்டல்.

வெர்ல் தொண்டையைச் செருமினார். "கோச்சுக்காத வென்டல். நீ இந்தப் பக்கம் வந்தே ஆறு வருஷமாச்சு. இன்னைக்குப் பார்த்து வந்திருக்க. அந்த ஜாக்கெட்டைக் கொஞ்சம்..."

"என்னைத் தேடறீங்களா?"

"தேடல. நீயா காட்டினா நல்லதுன்னு சொல்றேன்."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று ஹார்லன் எண்ணினார். வாக்கியத்தைக்கூட அமைத்தார். அமைத்த வாக்கியம் நன்றாக இல்லையென்று திருத்தினார். அதற்குள் வென்டல் பீரை மேஜைமேல் வைத்துவிட்டு, சாவிக்கொத்து, கைக்குட்டை, பௌலிங் கையுறை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியில் உள்பையிலிருந்து ஒரு ரூடி க்வாம் வந்தார். அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

அட்டை நடுவே மடிந்திருந்தது. மூலைகள் உருண்டிருந்தன. வென்டல் அதைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் ரூடியின் கையெழுத்து.

"வரிசையில வைக்கலாமான்னு கேக்கத்தான் கொண்டுவந்தேன்" என்றார். பிறகு பாண்ட் பைகளையும் வெளியே இழுத்து, நாக்குப்போல் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். "போதுமா? காலணியைக் கழட்டட்டுமா? அது வாடகைக் காலணி, திருப்பிக் கொடுக்கணும்."

யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஹார்லன் காபி இயந்திரத்தைப் பார்த்தார். அதற்கு மேலே தகடு இருந்ததால் அங்கேயும் பார்க்க முடியவில்லை.

இதற்கிடையில் டெலோரஸ் அட்டையைத் தூக்கி, பீர் விளம்பர விளக்கின் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தாள். "இருங்க" என்றாள். "இது என்னோடதுதான். எழுத்துத் தடம் இருக்கு. அழுத்தி எழுதுவார் அவர். 'வெச்சுக்கோ' தெரியுது பாருங்க. எழுத்து மட்டும் போயிருக்கு."

எல்லோருக்கும் பெரிய நிம்மதி. கழகத்தில் திருடன் இல்லை. ஆனால் அட்டை புதன்கிழமை முதல் ஹார்லனிடம் இருந்தது; அதை எல்லோரும் ஒரே கணத்தில் நினைத்தார்கள், நினைத்ததற்காக வெட்கப்பட்டார்கள். வெர்ல்தான் முதலில் வழி கண்டுபிடித்தார்.

"நாப்பது வருஷத்துப் பென்சில்! தானா மங்கியிருக்கும். இத்தனை நாள் பெட்டிக்குள்ள இருந்துச்சு, வெளிய எடுத்ததும் காத்து பட்டுச்சு, வெளிச்சம் பட்டுச்சு. அப்படித்தானே ஹார்லன்? நீ சொல்லு. பென்சில் தானா மங்குந்தானே?"

அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். டெலோரஸும் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தேகம் இல்லை. தெரிந்தவரிடம் தெரியாததைக் கேட்கும் முகம் அது.

"மங்கும்" என்றார் ஹார்லன்.

அந்த ஒரு சொல்லோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கேட்டவர்கள் தலையாட்டியதும் அவருக்கு வேகம் வந்துவிட்டது. "அந்தக் கால அட்டையில ஒரு பூச்சு இருக்கும். பென்சில் அதுல சரியாப் பிடிக்காது. திடீர்னு வெளிச்சம் பட்டா விட்டுடும்" என்றார். பொய்யும் அவர் வாயில் மதிப்பீட்டு அறிக்கைபோல் வந்தது. டெலோரஸ் பெருமூச்சு விட்டாள். "அப்ப நான்தான் வெளிய எடுத்திருக்கக் கூடாது" என்றாள்.

கூட்டம் கலையும்போது, கோட்டு மாட்டும் இடத்தில் வென்டல் ஹார்லன் பக்கத்தில் வந்து நின்றார். பைகளை உள்ளே தள்ளிக்கொண்டே மெல்லச் சொன்னார்:

"மை மங்கும். பென்சில் மங்காது, ஹார்லன். கரி."

"அப்ப அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"யார் சொல்ல? நானா?" வென்டல் சிரித்தார். "நான் அட்டையை வெட்டினவன்யா. நீதான் அளந்து பார்த்துச் சொன்னே."

அடுத்த சில நாட்கள் ஹார்லன் அட்டைகள் இருந்த அறைக்குள் போகவில்லை. அர்லீன் உடம்புக்கு என்ன என்று கேட்டாள். வயிறு என்றார். அவருக்கு ஓயாமல் நினைவில் வந்தது ரப்பரும் அல்ல, பொய்யும் அல்ல; வென்டலின் பாண்ட் பைகள் வெளியே தொங்கியது.

வியாழக்கிழமை டெலோரஸ் வீட்டுக்குப் போனார். அவள் அடுப்பில் பூசணிக் கேக் வெந்துகொண்டிருந்தது. காபி ஊற்றினாள். கோட்டைக் கழற்றாமலே சொன்னார்.

"தானா மங்கல, டெலோரஸ். நான்தான் எடுத்தேன். ரப்பரால."

அவள் காபிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "தெரியாம பட்டுடுச்சா?"

"இல்ல. தெரிஞ்சுதான்."

"ஏன்?"

"முதல் பரிசு கிடைக்கட்டும்னு."

"எனக்கா, உங்களுக்கா?"

ஹார்லன் யோசித்தார். அந்த வாரத்தில் அவர் சொன்ன முதல் நேர்மையான மதிப்பீடு அது. "அட்டைக்கு" என்றார்.

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"பார்த்தேன். படிக்கல."

டெலோரஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நாப்பது வருஷம் என் கண்ணுக்கு அது அழுக்காத் தெரியல" என்றாள். "வெங்காயம் நறுக்கற கையோட பெட்டியைத் திறந்து, தொடாம எட்டிப் பார்ப்பேன். சண்டை வந்தா திறந்து பார்ப்பேன். அவர் போனப்புறம் தினம் பார்த்தேன். நான் என் தங்கச்சிக்குப் போன் பண்ணி, என் தப்புதான், ஹார்லன் சொன்னார்னு சொன்னேன். ஹார்லன் சொன்னார்னு சொன்னதும் அவளும் சரின்னுட்டா."

ஹார்லன் கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

"நீல ரிப்பன் வேற. எதுக்குக் கொடுத்தீங்க அதை? எம்புருஷன் இல்லாம சுத்தமா இருந்ததுக்கா?"

அடுப்பு மணி அடித்தது. அவள் எழுந்து போய்த் தட்டை எடுத்தாள். முதுகைக் காட்டியபடியே கேட்டாள்: "வென்டல்கிட்ட சொல்லியாச்சா?"

"இன்னும் இல்ல."

"அந்த மனுஷனை எல்லாரும் பார்க்க நிறுத்தி வெச்சாங்களே. கழகத்துல சொல்லணும்."

"அடுத்த கூட்டத்துல சொல்றேன்."

"சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

கிளம்பும்போது அவள் நான்கு துண்டு கேக்கை அலுமினியத் தாளில் சுற்றிக் கையில் திணித்தாள். திட்டி அனுப்புவதாக இருந்தாலும் வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் அந்த ஊரில் இல்லை. காரில் அது பக்கத்து இருக்கையில் சூடாக உட்கார்ந்திருந்தது. ஹார்லன் வழியில் அதைக் குப்பைத்தொட்டியில் போட வண்டியை நிறுத்தினார். போடவும் முடியவில்லை. அர்லீனிடம் கொடுத்தார். "வயித்துக்கு ஆகாதுன்னீங்களே" என்று அவளே தின்றாள்.

நவம்பர் கூட்டத்தில் டெலோரஸ் இல்லை. கதவு திறந்திருந்தது, முன்கூடத்தில் வென்டல் ஆடிக்கொண்டிருந்தது தெரிந்தது. வரவு செலவு, கிறிஸ்துமஸ் விருந்து எல்லாம் பேசி முடித்து, வெர்ல் வழக்கம்போல் "வேற யாருக்காவது எதாவது?" என்றார்.

ஹார்லன் எழுந்தார். நாற்காலிகள் அவர் பக்கம் திரும்பின. அந்த முகங்களில் இருந்த மரியாதையை அவர் ஒருமுறை முழுக்கச் சுற்றிப் பார்த்தார். அதுதான் தவறாகப் போய்விட்டது.

"வென்டல் ஸ்ட்ரப்பைப் பத்தி" என்று தொடங்கினார். "அன்னைக்கு நாம நடந்துகிட்டது சரியில்ல. ஆறு வருஷம் போதும். அவரை மறுபடியும் சேர்த்துக்கணும்னு முன்மொழியறேன்."

வெர்ல் மேஜையைத் தட்டினார். "பார்த்தீங்களா! வெளிய அனுப்பினவனே வந்து கூப்பிடறான்! இவன்தான்யா மனுஷன்!" எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். யாரோ அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

வெர்ல் கதவருகே போய்க் கூப்பிட்டார். "ஏய் வென்டல்! வாடா உள்ள! உன்னை மன்னிச்சாச்சு!"

வென்டல் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார். "எதுக்கு?"

"ஹார்லன்தான் கேட்டுக்கிட்டான்!"

வென்டல் ஹார்லனைப் பார்த்தார். ஹார்லன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். சொல்வதற்கு நேரம் இருந்தது. வென்டலும் காத்திருப்பதுபோல்தான் தெரிந்தது. பிறகு "எனக்கு ஆட்டம் பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டு, திரும்பி, பந்தை உருட்டினார்.

ஹார்லன் ட்வெய்ட் டெலோரஸ் க்வாமின் அட்டையிலிருந்து அவள் கணவரின் எழுத்தை அழித்தார். வேறொருவர் பைகளைக் காலி செய்தபோது பேசாமல் நின்றார். பென்சில் தானாக மங்கும் என்று சொன்னார். அதன்பின் அந்த வேறொருவரை மன்னிக்கும்படி கழகத்தைக் கேட்டுக்கொண்டார்.